திண்ணையில் ஒரு நேர்காணல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆனால் போதும், எங்கள் வீட்டுத் திண்ணை மறுபடியும் ஆபீஸ் ஆகிவிடும். ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆகியும் தெருப் பிள்ளைகளுக்கு நான் இன்னும் 'ஆபீஸ் தாத்தா'தான். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். இனிஷியல் சரியா, ஆதாரில் இருக்கிற பெயரும் மார்க் ஷீட்டில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று பார்த்துக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. சிலர் ஒரு படி சின்ன வெங்காயம் வைத்துவிட்டுப் போவார்கள். அதை மட்டும் மறுப்பதில்லை.

இந்த வருஷம் குன்னம் பக்கத்திலிருந்து ஒரு மக்காச்சோள விவசாயி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் உயிரியல் குரூப். நல்ல மார்க். நீட் எழுதியிருக்கிறாள், எம்.பி.பி.எஸ்.க்குப் போதாது. அப்பா கையில் ஏதோ ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான நோட்டீஸ்.

"ஐயா, பிசிஷியன் அசிஸ்டென்ட்னு ஒரு படிப்பாம். நாலு வருஷத்துல பாதி டாக்டராம். நீட்டும் வேணாமாம். போன்ல பேசுன ஆளு, 'ஊர்ல எல்லாரும் டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவாங்க'ன்னு சொன்னாருங்க."

"நீ என்னம்மா சொல்றே?" என்று பெண்ணைக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் படிப்பைப் பற்றி. இது போலிப் படிப்பு அல்ல. 1965-இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர் தொடங்கியது. டாக்டர்கள் போதாத காலம். கப்பற்படையில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து கைப்பழக்கம் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு, டாக்டருக்குத் துணையாக வேலை பார்க்கப் பயிற்சி கொடுத்தார். 1967-இல் மூன்று பேர் படித்து வெளியே வந்தார்கள். நம் நாட்டில் 1992-இல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன் இதை ஆரம்பித்துவைத்தார். இன்று எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பல கல்லூரிகளில் பி.எஸ்சி. பட்டமாக இருக்கிறது. மூன்று வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் என்பதுதான் நாம் கண்ட முறை. 2021-இல் மத்திய அரசு துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று ஒரு தனிச் சட்டம் போட்டது. அதன் பட்டியலில் 'பிசிஷியன் அசோசியேட்' என்ற பெயரும் இருக்கிறது.

வேலை என்ன? நோயாளியிடம் உடம்பு விவரம் கேட்டு எழுதுவது, பரிசோதித்துப் பார்த்து டாக்டரிடம் சொல்வது, ரவுண்ட்ஸில் கூடப் போவது, அறுவை சிகிச்சையில் கைகொடுப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி தயார் செய்வது, வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தை விளக்கிச் சொல்வது. எல்லாமே டாக்டரின் மேற்பார்வையில். தனியாக கிளினிக் வைக்க முடியாது. பெயருக்கு முன்னால் டாக்டர் போட முடியாது. 'பாதி டாக்டர்' என்று ஒரு பதவி எந்தச் சட்டத்திலும் கிடையாது.

இங்கே இதற்குச் சேர்வதும் சுலபம். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற தேர்வுக் குழுவுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம். நர்சிங், பிசியோதெரபி, ரேடியாலஜி, டயாலிசிஸ் எல்லாவற்றோடும் இதுவும் ஒரு பெயராக அதில் வரும். இதுவரை நான் பூர்த்தி செய்து கொடுத்தவை எல்லாம் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். ரேங்க் வரும், கலந்தாய்வு வரும், கல்லூரி கிடைக்கும். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால் அந்தந்த வருஷத்துத் தகவல் தொகுப்பைப் படித்துவிட வேண்டும். ஆனால் எங்கேயும் ஒருவர் எதிரே உட்கார்ந்து, "ஏன் இந்தப் படிப்பு?" என்று பிள்ளையைக் கேட்பதில்லை.

அமெரிக்காவில் அப்படி இல்லை. முதலில் ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸிலோ ஆஸ்பத்திரியிலோ நோயாளிகளோடு வேலை பார்த்த மணிக்கணக்கைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. எதற்காக இந்தத் தொழில் என்று சொந்தமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். பிறகு நேர்காணல். அதில் வழக்கமாக வரும் கேள்வி: "நீங்கள் ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை?" மார்க் போதவில்லை என்று பதில் சொன்னால் அது நல்ல பதில் ஆகாது. அடுத்தவர் பொறுப்பின் கீழ் வேலை பார்க்க மனசார ஒப்புக்கொள்கிறீர்களா என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளே இருக்கிற கேள்வி.

அப்படியானால் இங்கேயும் நேர்காணல் வைக்கலாமே என்று கேட்பீர்கள். என் வயதுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். எங்களுக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிக்குப் பாட மார்க் 200, நேர்காணலுக்கு 75 என்று வைத்திருந்தார்கள். 1970-இல் பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பிள்ளைக்குச் சராசரி மூன்று நிமிஷம்தான் நேர்காணல் நடந்தது என்று அப்போது தெரியவந்தது. மூன்று நிமிஷத்தில் எழுபத்தைந்து மார்க்! குன்னத்திலிருந்தும் செந்துறையிலிருந்தும் போகிற பிள்ளை செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நேரம் முடிந்திருக்கும். 1984-இல் நேர்காணல் போய் நுழைவுத் தேர்வு வந்தது. 2007-இல் அதுவும் போனது. பிறகு நீட். 1200-க்கு 1176 வாங்கிய குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி இழந்தோம். 2022-இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே இருக்கிற அரங்கத்துக்கு அந்தப் பெண்ணின் பெயர். அதைக் கடந்து போகும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஆகவே ஏழைப் பிள்ளையின் வழியில் இன்னொரு வேலி போடச் சொல்கிறவன் நான் அல்ல.

நான் சொல்வது வேறு. சீட்டுக்காக நேர்காணல் வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வி வேண்டும். கல்லூரி கேட்காத கேள்வியை நாம் வீட்டிலேயே கேட்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு அசிஸ்டென்ட்தான். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராக வருஷக்கணக்கில் கோப்பு எழுதியவன். குறிப்பு என்னுடையது, கையெழுத்து தாசில்தாருடையது. கிராமங்களில் என்னை 'தாசில்தார் ஐயா' என்று கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்க இனிமையாகவே இருந்தது.

1980-களில் ஒரு நாள் ஒரு பாட்டி டீக்கடை வாசலில் முதியோர் பென்ஷன் மனுவை என் கையில் கொடுத்தார். "பார்க்கிறேம்மா" என்றேன். மனுவைப் பதிவில் சேர்த்தேன். ஒரு சான்று குறைவு என்று அது நின்றுவிட்டது. கடிதம் போனது, அவருக்குப் படிக்கத் தெரியாது. எட்டு மாதம் அவர் ஆபீஸ் பக்கமே வரவில்லை. ஏன் என்று கடைசியில் கேட்டபோது சொன்னார்: "தாசில்தார் கையிலேயே கொடுத்துட்டேனே சாமி, இனி யாரைப் பாக்கணும்?" நான் தாசில்தார் இல்லை என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உரியவரைப் பார்த்திருப்பார். எட்டு மாதப் பென்ஷன் என் ஒரு சின்ன மௌனத்தில் போயிற்று. பென்ஷனில் இப்படி என்றால், நெஞ்சுவலியில் என்ன ஆகும்?

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது எங்கள் வாத்தியார் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதில் வரும் ஷார்ல் முழு டாக்டர் அல்ல. 'ஒஃபிசியே த சாந்தே', அதாவது சுகாதார அலுவலர். 1803-இல் பிரான்ஸில் சட்டம் போட்டு உண்டாக்கிய இரண்டாம் நிலை வைத்தியர் பதவி அது. பெரிய அறுவை சிகிச்சையை டாக்டர் இல்லாமல் செய்யக் கூடாது என்பது விதி. ஷார்ல் நல்ல மனிதன், தன் அளவு தெரிந்தவன். ஆனால் மனைவியும் ஊர் மருந்துக்கடைக்காரரும் பெயர் கிடைக்கும் என்று தூண்டிவிட, ஒருவனுடைய வளைந்த பாதத்தை அறுத்துச் சரிசெய்யப் பார்க்கிறான். கடைசியில் காலையே எடுக்க வேண்டி வருகிறது. கதைதான். ஆனாலும் அவனைக் கெடுத்தது படிப்பின் குறைவு மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்தவர்களின் ஆசை. அந்தப் பதவியையே 1892-இல் எடுத்துவிட்டார்கள். இங்கே நம் தாத்தா பாட்டிகளைப் பிழைக்கவைத்த எல்.எம்.பி. டாக்டர்களின் படிப்பும், 1946-இல் போர் கமிட்டி எம்.பி.பி.எஸ். ஒன்றே போதும் என்று சொன்னபின் மறைந்தது. நடுவில் இருக்கிற பதவிகளுக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு.

இப்போது இங்கிலாந்திலும் இதே பேச்சு. அங்கே 'பிசிஷியன் அசோசியேட்' என்று அழைக்கப்பட்டவர்களை நோயாளிகள் டாக்டர் என்றே நினைத்துக்கொண்டார்கள். 2025 ஜூலையில் பேராசிரியர் ஜில்லியன் லெங் கொடுத்த அறிக்கை, பெயரை மறுபடி 'அசிஸ்டென்ட்' என்றே மாற்றச் சொன்னது. பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு இது பதில்.

ஆக, பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பும் முன் வீட்டில் கேட்க வேண்டியவை:

1. டாக்டர் சீட் கிடைக்காததால் இது வேண்டுமா, இந்த வேலையே பிடித்திருக்கிறதா?

2. நோயாளி 'டாக்டர்' என்று கூப்பிட்டால் என்ன பதில் சொல்வாய்?

3. இருபது வருஷம் கழித்தும், உன்னைவிடச் சின்ன வயசு டாக்டர் சொல்வதைக் கேட்டு நடக்க முடியுமா?

கல்லூரியில் கேட்க வேண்டியவை:

1. பல்கலைக்கழக அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்கள்.

2. பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை படுக்கை?

3. போன வருஷம் முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள்? இரண்டு பேரோடு நாங்கள் பேசலாமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. நர்சுக்கும் மருந்தாளுநருக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தில் அறிவிப்பு வருவதைப் பார்க்கிறோம். இந்தப் பட்டத்துக்கு அப்படி ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. படிப்பை நடத்துகிற அரசு பணியிடமும் உண்டாக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் முழுக்கத் தனியாரை நம்பித்தான் நிற்க வேண்டும். சட்டைப் பையில் குத்துகிற பேட்ஜில் 'மருத்துவர் அல்ல, மருத்துவரின் உதவியாளர்' என்று தமிழில் பெரிதாக எழுதச் சொல்ல வேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கௌரவம்தான்.

குன்னத்துப் பெண்ணிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். இந்த முறை அப்பாவை உள்ளே காப்பி குடிக்க அனுப்பிவிட்டு.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "எங்க அப்பாயி பதினோரு நாள் ஆஸ்பத்திரில இருந்தாங்க தாத்தா. டாக்டர் வருவாரு, ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போயிருவாரு. என்ன சொன்னாருன்னு எங்க யாருக்கும் வெளங்காது. நர்சு அக்காங்களுக்கு நிக்கவே நேரம் இல்ல. அப்ப நெனச்சேன், பக்கத்துல உக்காந்து சொல்றதுக்கு ஒரு ஆளு இருந்தா நல்லாருக்குமேன்னு."

"டாக்டரம்மான்னு கூப்பிட்டா?"

"இல்லன்னு சொல்லிருவேன். ஆனா எங்கப்பா சொல்லுவாரான்னு தெரியல."

காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். ஒன்றும் பேசவில்லை. நோட்டீஸை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தால் பிசிஷியன் அசிஸ்டென்ட், இல்லாவிட்டால் நர்சிங், கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதில்லை என்று அவர்களே முடிவு செய்தார்கள். விண்ணப்பத்தைச் சரிபார்த்தேன். ஆதாரில் அப்பா பெயரில் ஒரு 'எச்' அதிகமாக இருந்தது. அதைத் திருத்த இ-சேவை மையத்துக்கு அனுப்பினேன். கலந்தாய்வு இன்னும் நடக்கவில்லை.

போகும்போது அப்பா கேட்டார்: "ஊர்ல கேட்டா என்னாங்க ஐயா சொல்றது?"

"டாக்டருக்குத் துணையா வேலை பார்க்கப் படிக்கிறான்னு சொல்லுங்க" என்றேன். "நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பழக வெகுநாள் ஆச்சு. நீங்க இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க."