ஒன்பது கோயில், இரண்டு நாள்

சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறதாம். முதல் தடவையாக நவக்கிரக ஸ்தலங்களுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். மாமியாருக்கு அறுபத்தைந்து வயது, சர்க்கரை உண்டு. குழந்தைக்கு ஒன்றரை வயது. கணவருக்கு இரண்டு நாள்தான் லீவு, காரை அவரே ஓட்டுவார். "ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கிரக வரிசைப்படியே போக வேண்டும் என்கிறார் மாமியார். ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துவிடலாம் என்கிறார் இவர். நீங்கள் தஞ்சாவூர்க்காரர், சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் வரிசையைப் பார்ப்போம். சூரியனார்கோயில் கும்பகோணத்துக்குக் கிழக்கே. சந்திரனுக்குத் திங்களூர், அது மேற்கே, திருவையாற்றுக்குப் பக்கம். செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில், மறுபடி கிழக்கே, மாயவரத்தையும் தாண்டி. புதனுக்குத் திருவெண்காடு, கடற்கரைப் பக்கம். குருவுக்கு ஆலங்குடி என்று திரும்பவும் கும்பகோணத்துக்கு வந்து, தெற்கே போக வேண்டும். சுக்கிரனுக்குக் கஞ்சனூர், முதலில் பார்த்த சூரியனார்கோயிலிலிருந்து கூப்பிடு தூரம்! அப்புறம் சனிக்குக் காரைக்கால் பக்கம் திருநள்ளாறு, ராகுவுக்குக் கும்பகோணத்தை ஒட்டிய திருநாகேஸ்வரம், கேதுவுக்குப் பூம்புகார் பக்கம் கீழப்பெரும்பள்ளம். தறியில் நாடா ஓடுகிற மாதிரி கிழக்கும் மேற்குமாக ஓட வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் எந்தக் கோயில் குருக்களும் என்னிடம், "இதற்கு முன்னால் எந்தக் கிரகத்தைப் பார்த்துவிட்டு வந்தாய்?" என்று கேட்டதில்லை. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் முடிவதும் முடியாததும் யார் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விட்டது. சனி, ஞாயிறுகளில், ஆளுக்கு 750 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். விடியற்காலை கிளம்பி ராத்திரி திரும்புவது. திடமான உடம்புக்காரர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரைக்கார மாமியாரையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அதே வேகத்தில் ஓட முடியுமா?

எங்கள் தெருவில் ஒரு அம்மாள் போன வருஷம் இப்படி ஒரு வேன் பார்ட்டியோடு ஒரே நாளில் ஒன்பதுக்கும் போனார். வழியில் பாத்ரூம் கிடைக்காது என்று காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. சுவாமிக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று பட்டினி வேறு. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு விட்டார். ஏழாவது கோயில் வாசலில் தலை சுற்றி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அழைத்து வந்தார்கள். பாக்கி இரண்டு கோயில் இன்னும் பாக்கிதான்.

அதனால் வழியைக் கிரகத்தை வைத்துப் போடாதீர்கள், கிலோமீட்டரை மட்டும் வைத்தும் போடாதீர்கள். இரண்டு விஷயத்தை வைத்துப் போடுங்கள். ஒன்று, உச்சிக்கால பூஜையோடு நடை சாத்துவது. நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடி நாலு மணிக்குத்தான் திறக்கும். இது தெரியாமல் பன்னிரண்டே காலுக்கு வந்து சேர்ந்து, மூடிய கதவுக்கு முன்னால் வெயிலில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எத்தனையோ பார்க்கிறேன். இரண்டாவது, உங்கள் கூட்டத்தில் யாருக்குத் தெம்பு குறைச்சலோ அவருடைய உடம்பு. இந்த இரண்டும் தோதாக ஒத்துப் போகின்றன என்பதுதான் வேடிக்கை. கோயில் மூடுகிற அந்த நாலு மணி நேரம், உங்கள் மாமியார் சாப்பிட்டுக் காலை நீட்டிப் படுக்க வேண்டிய நேரம், குழந்தை தூங்க வேண்டிய நேரம்.

கிழமை சொல்கிறேன். வியாழனன்று ஆலங்குடியும் சனியன்று திருநள்ளாறும் கூட்டம் தாங்காது. ஞாயிறு சாயங்காலம் ராகு காலத்தில் திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகக் கூட்டம். பெயர்ச்சி சமயமென்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் ஞாயிறன்று சேலத்திலிருந்து நாமக்கல், திருச்சி வழியாக வந்து தஞ்சாவூரில் தங்குங்கள். திங்களும் செவ்வாயும் லீவு போடச் சொல்லுங்கள். திங்கட்கிழமை திங்களூரிலும், செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன்கோயிலிலும் இருப்பீர்கள். மாமியாருக்கு அந்தமட்டில் திருப்தி! செவ்வாயன்று வைத்தீஸ்வரன்கோயிலில் ஜனம் ஜாஸ்திதான், ஆனால் காலையிலேயே போய்விட்டால் சமாளிக்கலாம்.

திங்கள் காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரை விட்டால் ஏழுக்குள் திங்களூர். சின்னக் கோயில், கூட்டமிருக்காது. அப்பர் பெருமானைப் பார்க்காமலேயே பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே வைத்த அப்பூதி அடிகள் வாழ்ந்த ஊர் இது. மாமியாருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும், சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அங்கிருந்து கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். லாட்ஜில் எத்தனை மணியிலிருந்து அறை தருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். பகலில் அறை இருப்பதுதான் இந்தத் திட்டத்துக்கே உயிர். டிபனை முடித்து, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஆலங்குடி. குருவுக்கு இருபத்துநான்கு தீபம், இருபத்துநான்கு சுற்று என்பார்கள். மாமியார் தீபம் ஏற்றட்டும், சுற்றுவதை உங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். திரும்பிக் கும்பகோணத்தைத் தொட்டு, ஆறு கிலோமீட்டரில் திருநாகேஸ்வரம். பதினொன்றுக்கு உள்ளே போனால் நிதானமாக நாகநாதரையும் ராகுவையும் பார்த்து வரலாம். பக்கத்தில்தான் உப்பில்லாத நிவேதனத்துக்குப் பேர் போன ஒப்பிலியப்பன் கோயில். நேரமிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் இன்னொரு பிரயாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் அறையில் தூக்கம். மூன்றரைக்குக் கிளம்பினால் ஆடுதுறை வழியாகத் திருமங்கலக்குடி. அங்கே பிராணநாதேஸ்வரரைத் தரிசித்துவிட்டுச் சூரியனார்கோயிலுக்குப் போவது மரபு. முதல் குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில் என்பார்கள். சூரியன் நடுவிலும் மற்ற எட்டுப் பேரும் சுற்றிலும் தனித்தனிச் சந்நிதியில் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் சிவன்தான் மூலவர், கிரகத்துக்கு ஒரு சந்நிதி, அவ்வளவே. கஞ்சனூரில் அக்னீஸ்வரரையே சுக்கிரனாகக் கும்பிடுகிறோம். ஏழரைக்குக் கும்பகோணம் திரும்பிவிடலாம். ஆடுதுறை போகும் வழியில் திருபுவனம் வரும். அந்தப் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் காரை நிறுத்துகிறாரா என்பது உங்கள் சாமர்த்தியம்.

செவ்வாயன்று ஆறு மணிக்கே கிளம்பி மயிலாடுதுறை வழியாக வைத்தீஸ்வரன்கோயில். வியாதி தீர்க்கும் சுவாமி, திருச்சாந்து உருண்டை பிரசாதம் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மாமியாரின் மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். தெருவெல்லாம் நாடி ஜோசியப் பலகை. உள்ளே போனால் அரைநாள் போய்விடும், சொல்லிவிட்டேன். ஒன்பதரை மணிக்குள் கிளம்பினால் திருவெண்காடு, அப்புறம் கீழப்பெரும்பள்ளம் என்று பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம். திருவெண்காடு பெரிய கோயில், மூன்று குளம், அகோரமூர்த்தி சந்நிதி எல்லாம் உண்டு. அங்கே அவசரப்படாதீர்கள். கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவுக்குக் கொள்ளு விசேஷம், கால்மணி போதும்.

அங்கிருந்து திருக்கடையூர், தரங்கம்பாடி வழியாகக் கடற்கரைப் பாதையிலேயே காரைக்கால். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்ட ஆரம்பித்த கோட்டை தரங்கம்பாடியில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. குழந்தைக்குக் கடற்காற்று பட்டுமே! காரைக்காலில் சாப்பாடு, ஓய்வு. நாலு மணிக்குத் திருநள்ளாறு. நளதீர்த்தத்தில் குளிப்பதானால் மாற்றுப் புடைவை, துண்டு எடுத்துப் போங்கள். மாமியார் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், ஈரப்படியில் இறங்க வேண்டாம். கட்டிய துணியைக் குளத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள் சிலர். குளம் என்ன பாவம் செய்தது? திருநள்ளாறு போனால் பிறகு வேறெங்கும் போகாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பவர்கள் உண்டு. நம் வழி அதற்கும் ஒத்து வருகிறது. ஆனால் அன்று ராத்திரியே சேலம் வரை ஓட்ட வேண்டாம், இரண்டு நாள் ஓட்டியவருக்குக் கண் சொக்கும். தஞ்சாவூரில் படுத்துப் புதன் விடியலில் கிளம்புங்கள். அரைநாள் பர்மிஷன் கேட்டால் என்ன, குறைந்தா போய்விடும்?

இத்தனையும் ஒரே மூச்சில் முடிய வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானில் ஷிகோகு என்று ஒரு தீவு, அதில் 88 கோயில்கள். கூக்காய் என்ற மகானின் நினைவாகச் சுற்றி வருகிறார்கள். வரிசை எண்ணெல்லாம் போட்டிருக்கிறது, நடந்தால் 1,200 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். ஒரே தடவையாக நடப்பவர்களும் உண்டு, லீவு கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷத்தில் முடிப்பவர்களும் உண்டு. அதை அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை. உங்கள் மாமியாருக்கு முதல் நாளே கால் வீங்கினால் ஐந்தோடு திரும்புங்கள். கிரகங்கள் எங்கே போய்விடப் போகின்றன?

தேதி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் லீவையும் பஞ்சாங்கத்தையும் பார்த்துத் தேதி குறித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி மருமகள் மெடிக்கல் ஷாப்பில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். எத்தனை வீட்டில் நடக்கிறது இது! இரத்தம் உறையும் கோளாறு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரையைத் தேடுவதற்குப் பதில் தேதியை ஒரு வாரம் தள்ளிவிடலாமே. முதலில் உங்கள் நாளைக் குறித்துக்கொண்டு, அப்புறம் லீவு கேட்கச் சொல்லுங்கள். இதை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

மாசம் என்றால் தை, மாசி எனக்குப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் டெல்டாவில் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. தையில் சம்பா அறுவடை, ரோட்டிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள், மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசி வேண்டாம். பிராகாரத்துக் கல் தோசைக்கல்லாகக் காயும். சர்க்கரைக்காரர்கள் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மந்தம், சுடுவதே தெரியாமல் கொப்புளித்துவிடும். மாமியாருக்குத் தடிமனான பருத்திக் காலுறை போட்டு விடுங்கள், ராத்திரி படுக்கும் முன் பாதத்தை விளக்கடியில் வைத்துப் பாருங்கள். விரதம் வேண்டாம். மாத்திரை போட்டால் சாப்பாடும் வேளைக்கு இருக்க வேண்டும். வியர்த்துக் கை நடுங்கினால் கொடுக்க நாலு சர்க்கரை மிட்டாய் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல.

தண்ணீரைக் குறைக்காதீர்கள், நீங்களும்தான். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொண்டு வருவது பெண்கள்தான். கிளம்புமுன் அறையில், டிபனுக்கு நிறுத்தும் இடத்தில், பெட்ரோல் பங்கில் என்று இடம் கிடைத்தபோதெல்லாம் போய்விட வேண்டும், "இப்போது வரவில்லையே" என்று பார்க்கக் கூடாது. குழந்தைக்குக் காய்ச்சி ஆறின தண்ணீர், இட்லி, வாழைப்பழம். பெரியவர்களுக்கு முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கட்டிக்கொள்ளலாம். தயிர்சாதம் வெயிலில் மத்தியானத்துக்கு மேல் தாங்காது, அதை ராத்திரிக்கு என்று வைத்திருக்காதீர்கள்.

சென்னைப் பக்கத்துச் சகோதரிகள் இதே வழியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சிதம்பரம், சீர்காழி தாண்டி வைத்தீஸ்வரன்கோயிலில் ஆரம்பித்து, முதல் நாள் கடற்கரை ஊர்கள், மறுநாள் கும்பகோணத்தைச் சுற்றி, கடைசியில் திங்களூர். அப்படி வந்தால் தஞ்சாவூர் பக்கம்தான், சாயங்கால வெளிச்சத்தில் பெரிய கோயிலையும் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம்.