காவற்கும் காவல் வேண்டும்

கணினி நூலைப் பற்றித் தமிழ் மாணவர் எழுதப் புகுவது எற்றுக்கு என்று இம்மலரைப் படிக்கும் அன்பர் சிலர் வினவக்கூடும். யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது இயந்திரம் அன்று, விதியும் விலக்குமே. இலக்கணம் கற்பார்க்கு அவை புதியன அல்ல.

எமது ஊராகிய குரும்பலூரைச் சூழ்ந்த கொல்லைகளில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையுங்காலத்துக் காவல் வைப்பதுண்டு. காவற்காரன் விளைவு முழுவதையும் காணல் வேண்டும். ஆயினும் களஞ்சியத்தின் திறவுகோலை அவன் மடியில் முடிந்துவைப்பார் எவருமிலர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பாடிகாவல் என்னும் வரியைக் குறிக்கின்றன. ஊரைக் காக்கும் தொழிலுக்கு ஊரார் பொருள் கொடுத்து வந்தமை அதனாற் புலனாகும்.

கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் இரவும் பகலும் ஓயாது இயங்கும் சர்வர் என்னும் கணினிகளுக்கும் இத்தகைய காவலர் உளர். வட்டின் நலம், உள்ளே ஏறும் வெப்பம், விசிறியின் சுழற்சி, மின்னழுத்தம் ஆகியவற்றை மறைவில் நின்று நோக்கிக்கொண்டேயிருக்கும் நிரலை 'டீமன்' என்பர். இச்சொல் வேதாகமத்திற் கூறப்படும் பேயைக் குறிப்பதன்று. மாக்ஸ்வெல் என்னும் இயற்பியலறிஞர், விரைந்து செல்லும் மூலக்கூறுகளையும் மெல்லச் செல்லுவனவற்றையும் வாயிலில் நின்று பிரித்தனுப்பும் ஒரு சிற்றுயிரைக் கற்பனை செய்தார். அதனை நினைந்தே 1963-ஆம் ஆண்டையொட்டி மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இப்பெயரை இட்டனர். (எம் பாட்டியார்க்கு இதனை விளக்கி முடிப்பதற்குள் யாம் பட்ட பாடு பெரிது.)

லினக்ஸ் வழங்கும் இடங்களில் வட்டினைக் காக்கும் இத்தகைய நிரல்களுள் பெரிதும் அறியப்பட்டது 'ஸ்மார்ட்-டி' என்பது. அரைமணிக்கொருமுறை அது வட்டினிடம் சென்று, பழுதுற்றமையால் மாற்றப்பட்ட கூறுகள் எத்துணை, படிக்க இயலாது நிலுவையில் நிற்பன எத்துணை, வெப்பம் யாது என்று வினவும். விடை அச்சந் தருவதாயின் பொறுப்பாளருக்கு மடல் எழுதும். மாணவர் மதிப்பெண்களும் நோயாளர் குறிப்புக்களும் அழியுமுன் அவற்றை வேறோரிடத்திற் படியெடுக்க வாய்ப்பளிப்பது அம்மடலே.

இங்கேதான் இடர் தோன்றுகிறது. வட்டினிடம் நேரே வினவுதற்கு 'ரூட்' என்னும் தலைமை அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரமோ எல்லாக் கதவுகளையும் திறப்பது. நிரலில் ஒரு பிழை இருந்து, அதன் வழியே பகைவன் நுழைந்து காவலனின் உடலைத் தனதாக்கிக்கொள்வானாயின், களஞ்சியம் முழுவதும் அவன் கைப்பட்டதே. இஃது வீண் அச்சமன்று. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் நிகழ்ச்சியில், பிற கணினிகளைக் கண்காணித்தற்கென்றே அமைந்த ஒரையன் என்னும் மென்பொருளினுள்ளே பகைவர் நஞ்சைக் கலந்துவிட்டனர்; ஏறத்தாழ 18,000 நிறுவனங்கள் அந்நஞ்சு கலந்த பதிப்பைத் தாமே விரும்பிப் பெற்றுக்கொண்டன. காவலன் என்று நம்பி வாயிலைத் திறந்தமையால் விளைந்த கேடு அது.

இதற்கு மாற்றாக எழுந்ததே கட்டாய அணுக்க விதி என்பது. பழைய முறையில், ஒரு கோப்பை உடையவன் எவரை வேண்டுமாயினும் இசைந்து உள்ளே விடலாம். ரூட்டுக்கோ தடையே இல்லை. கட்டாய முறையில், உடையவன் இசைவுக்கு மேலாகப் பொதுவிதி ஒன்று நிற்கும்; ரூட்டின் பெயரால் இயங்கும் நிரலே ஆயினும், விதியிற் கூறப்படாததனைச் செய்தல் இயலாது. அமெரிக்க நாட்டுப் பாதுகாப்பு முகமையார் இம்முறையை லினக்ஸில் அமைத்து, எஸ்.ஈ.லினக்ஸ் என்னும் பெயரால் 2000 டிசம்பரில் உலகிற்கு வழங்கினர். 2003-இல் அது லினக்ஸின் கருவிலேயே சேர்ந்தது. 2014-இல் வெளிவந்த ஆண்டிராய்டு ஐந்தாம் பதிப்பு முதல் அவ்வகைக் கைப்பேசிகள் அனைத்தினும் இது முழுமையாக நடைமுறையில் உள்ளது. எனவே, இதனை எதிர்த்துப் பேசும் நண்பர் பலர் தம் சட்டைப்பையில் இதனைச் சுமந்துகொண்டே பேசுகின்றனர்.

இவ்விதியின் நடையைக் கண்டு யாம் வியப்புற்றோம். ஒவ்வொரு விதியும் ஒரு வாக்கியம். இயங்கும் நிரலுக்கு ஒரு குறி, இயக்கப்படும் பொருளுக்கு ஒரு குறி, இடையே வினை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று நாம் கற்பனவே அவை. 'எஃப்.எஸ்.டீமன்' என்னும் குறியுடைய ஸ்மார்ட்-டி, 'நிலைவட்டு' என்னும் குறியுடைய பொருளைத் திறக்கலாம், வினவலாம் என்று எழுதினால் அவ்வளவே அதற்கு உரியது. பயனர் இல்லக்கோப்புக்களைப் பற்றி வாக்கியம் இல்லையாயின், அங்கே செல்லுதல் இல்லை. கூறாதது விலக்கப்பட்டது என்பதே இவ்விலக்கணத்தின் முதற் கோட்பாடு. சூசே லினக்ஸுடன் வந்த ஆப்பார்மர் என்பது பொருள்களுக்குக் குறி இடாது அவை இருக்கும் இடத்தின் பெயரையே கொண்டு விதிக்கும், கற்றற்கு எளிது. 2007-ஐ ஒட்டித் தமிழ்நாட்டு எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸை மேற்கொண்டபொழுது இக்காவலும் அதனுடன் நம் நாட்டு அலுவலகங்களை எட்டியது.

எட்டியது வேறு, நிலைத்தது வேறு. ஏதேனும் ஒரு நிரல் இயங்கவில்லையாயின், காரணத்தை ஆராயாது கட்டாய விதி முழுவதையும் அணைத்துவிடுக என்னும் அறிவுரையே எங்கும் முதலிற் கிடைக்கிறது. அணைத்த கை மீண்டும் ஏற்றுவதில்லை. இவ்வழக்கத்தை யாம் வன்மையாக மறுக்கின்றோம். ஒரு கதவின் தாழ் இறுகியது என்பதற்காக வீட்டின் கதவுகளையெல்லாம் கழற்றி எறிவார் உளரோ?

ஆயினும் மறுபக்கத்தார் கூறுவதிலும் உண்மை உண்டு. விதி தவறாயின் காவலன் ஊமையாவான். பொறுப்பாளர் ஒருவர், எச்சரிக்கை தம் கைப்பேசிக்கு வரவேண்டும் என்று ஒரு சிறு நிரலை எழுதி ஸ்மார்ட்-டியிடம் ஒப்படைக்கிறார் என்க. அந்நிரல் வலையின் வழியே வெளிச்செல்ல விதியில் இடமில்லை. வட்டு கெடுகிறது, காவலன் காண்கிறான், கூவுகிறான், கூக்குரல் மதிலைத் தாண்டவில்லை. மறுப்பு நிகழ்ந்ததென்னும் குறிப்பு ஆங்கிலத்தில் ஒரு பதிவேட்டிற் கிடக்கும், படிப்பார் இலர். காலத்தில் வாராத எச்சரிக்கை எத்துணைக் கொடிது என்பதை எம் பகுதியார்க்கு எவரும் கற்பிக்க வேண்டா. 1956 நவம்பரில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் நிலைகுலைய, தூத்துக்குடி நோக்கிச் சென்ற வண்டி ஆற்றில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரியார் பதவி துறந்தார்.

இவ்விரண்டு கேட்டிற்கும் நடுவே வழியொன்று உண்டு. எஸ்.ஈ.லினக்ஸில் ஒரு குறியுடைய நிரலை மட்டும் தளர்த்திவைக்கலாம்; அதன் மீறல்கள் தடுக்கப்படாது எழுதப்படும், ஏனையவற்றின்மீது விதி நிலைத்து நிற்கும். எழுதப்பட்டவற்றைச் சில நாள் படித்துப் பார்த்து வேண்டிய வாக்கியத்தை மட்டும் சேர்க்கலாம். மறுப்புக்களைக் கொடுத்தால் விதிகளைத் தானே ஆக்கித்தரும் கருவியும் உண்டு. ஆயின் அக்கருவி, கேட்டதையெல்லாம் கொடுப்பது. பகைவன் கேட்டதற்கும் அது விதி எழுதித் தரும். ஆதலின் அதன் ஒவ்வொரு வரியையும் மனிதர் ஒருவர் பொருள் கண்டு ஒப்புதல் வேண்டும். இவ்வேலைக்கு வேண்டியது பெருங்கணிதம் அன்று. வாக்கியத்தைப் பிரித்து நோக்கும் பழக்கமே. நம் மாணவர்க்கு அஃது உண்டு.

விதியின் குறையையும் மறைத்தல் தகாது. வட்டினிடம் நலம் வினவுதலும் வட்டின் உள்ளடக்கத்தைப் படித்தலும் ஒரே வாயிலின் வழியே நிகழ்வன. அதனாற் பொதுவாக வழங்கிவரும் விதித்தொகுப்பு, ஸ்மார்ட்-டிக்கு வட்டினை நேரே படிக்கவும் எழுதவும் இடந்தருகிறது. கோப்பின் குறி என்னும் மதில் இருந்தும் அதன் அடியில் ஒரு சுரங்கம் உளது எனலாம். 2015 முதல் லினக்ஸின் கரு, எக்கட்டளையை வட்டுக்கு இடலாம், எதனை இடலாகாது என்று பிரித்து விதிக்க வழி செய்துள்ளது; ஆயினும் அதனை நுணுகிப் பயன்படுத்துவார் சிலரே. காவல் நிரலுக்கு வலையில் நுழையும் உரிமையை எளிதில் தரலாகாது என்று யாம் கூறுவதும் இது பற்றியே. எச்சரிக்கை நிரலுக்கு வேறொரு குறி இட்டு, வெளிச்செல்லும் உரிமையை அதற்கு மட்டும் தருதல் நன்று.

2019-இல் கூடங்குளத்து அணுமின் நிலையத்தின் நிருவாகப் பகுதிக் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டமையை அக்டோபர் 30-இல் அணுமின் கழகத்தார் ஒப்புக்கொண்டனர். அக்கணினி இணையத்தோடு கூடிய வலையைச் சார்ந்தது என்றும், நிலையத்தை இயக்கும் வலை அதனினின்று பிரிந்து நிற்பது என்றும் அறிவித்தனர். ஓரிடத்து நோய் மற்றோரிடத்துக்குச் செல்லாமற் பிரித்துவைப்பதே அங்கும் துணையாயிற்று. கட்டாய விதி அதனை ஒரே கணினியினுள்ளே செய்ய முயல்வது.

இன்னொன்று. சர்வரின் பலகையிலேயே தனிச் சில்லாக அமைந்த காவலனும் உண்டு. எச்.பி.ஈ. நிறுவனத்தாரின் ஐ.எல்.ஓ. அவ்வகையினது, கணினி அணைந்திருப்பினும் அது விழித்திருக்கும். அதன் நான்காம் வகையில் 2017-இல் ஒரு பெருங்குறை அறியப்பட்டது: 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தை இருபத்தொன்பது முறை அனுப்பினால் அடையாளம் கேளாமலே உள்ளே விட்டது. லினக்ஸிற்கு எழுதிய விதி இச்சில்லை எட்டாது. இதற்குரிய கம்பியைப் பொதுவலையினின்று பிரித்து, பொறுப்பாளர் மட்டும் அணுகும் தனிவலையிற் கோத்து, நிறுவனத்தார் விடுக்கும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவதே இப்போதைக்கு வழி.