கைக்குள் வந்த கடைவீதி

சென்னையில் கப்பலேறி, மூன்று நாட்கள் கடலையே கண்டு, இத்தீவுகளில் வந்து கால் ஊன்றியவர் நம் மூத்தோர். அந்நாளில் நம் பிள்ளைகள் அறிந்த கடைவீதி அபர்தீன் பஜார் போன்றதே. கடைக்காரர் பிள்ளையை அறிவார். பிள்ளையும் கடைக்காரரை அறியும். தகாத ஒன்றைச் சிறுவன் கேட்டால், "அப்பாவை அழைத்து வா, தம்பி" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

2020 ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையையும் நம் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழைவடம் திறந்துவைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதுவரை செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் திறப்பதற்கே காத்திருந்தோம். வடம் வந்தபின் பாடமும் உறவினர் முகமும் விரைந்து வந்தன. அவ்வழியே வணிகரும் வந்தார்.

இவ்வணிகர் பிள்ளையை அறிவார். பிள்ளை இவரை அறியாது. ஒரு காலணியின் படத்தில் கண் சற்றே நின்றாலும் அது பதிவாகிறது. மறுநாள் அதே காலணி பல வடிவில் வந்து அழைக்கிறது. தோழி போலப் பேசி முகப்பூச்சைப் புகழும் நங்கை, அதற்குக் கூலி பெற்றவராகவும் இருக்கலாம். "இன்னும் இரண்டே உள்ளன, பத்து நிமிடமே உண்டு" என்னும் அறிவிப்பு, எண்ணிப் பார்க்கும் நேரத்தைப் பறிப்பதற்கே எழுந்தது.

இதனால் காசு மட்டும் கரைவதில்லை. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் இல்லத்தில், "வேண்டாம், கண்ணே" என்று சொல்ல வேண்டியவள் தாய். ஆசையை மூட்டியவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மறுத்தவள் மட்டுமே கொடியவளாகத் தோன்றுகிறாள். நாம் அஞ்சுவது இப்பிளவையே.

அரசு வாளா இருக்கவில்லை. சிறுவரின் அனுபவமின்மையை விளம்பரம் பயன்படுத்தலாகாது என்றும், கூலி பெற்றுப் புகழ்வோர் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்றும் 2022 ஜூன் மாதத்து நெறிமுறைகள் விதித்தன. பொய்யான அவசரம் காட்டுதல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல் முதலிய 13 சூழ்ச்சிகளை 2023 நவம்பர் மாதத்து நெறிமுறைகள் தடுத்தன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைப் பின்தொடர்ந்து, அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைப் பொதுவாக விலக்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தபோது, இக்கடமைக்கு நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

ஆயினும் குறிவைக்கும் விளம்பரத்திலிருந்து சிறுவரைக் காக்கும் காவல் பெரிதும் ஓர் எண்ணைச் சார்ந்து நிற்கிறது. அதுவே பிறந்த ஆண்டு. கணக்குத் தொடங்கும்போது வயதைக் கூட்டி எழுதும் பிள்ளைகள் உண்டு. எழுதிக் கொடுக்கும் பெரியோரும் உண்டு. பதினான்கு வயதுச் சிறுமி அங்கே இருபத்திரண்டு வயது நங்கையாகிவிடுகிறாள். அக்கணமே அக்காவல் அவளைவிட்டு நீங்குகிறது. தந்தையின் கைப்பேசியையே பிள்ளை பயன்படுத்தினாலும் நிலை இதுவே.

ஆதலின் நம் குடும்பங்களுக்கு நாம் கூறுவன சில. பிறந்த ஆண்டை மெய்யாக எழுதச் செய்யுங்கள். பணம் செலுத்தும் இரகசிய எண் பெரியோரிடமே இருக்கட்டும். விரும்பிய பொருளுக்கு ஓர் இரவு இடைவெளி விடுங்கள். இத்தீவுக்குப் பொருள் கடல் கடந்து வர வேண்டும், பிழையானால் மீண்டும் கடல் கடந்தே திரும்ப வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கைப்பேசியைப் பறிப்பது தீர்வாகாது. அது மறைவைக் கற்பிக்கும். விடுமுறை நாளில் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அதே விளம்பரத்தைச் சேர்ந்து காணுங்கள். "இதனைச் சொல்பவர் யார்? நாம் வாங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்?" என்று கேளுங்கள். விடையைப் பிள்ளையே சொல்லட்டும். அவ்வாறு சொல்லப் பழகிய பிள்ளைக்குத் தாயின் மறுப்பு பகையாகத் தோன்றாது.