கிண்ணத்தில் வளரும் மாட்டுக் குடல்

மாட்டுக் குடலைக் கழுவும்போது அதன் உட்புறச் சவ்வைக் கண்டிருப்பீர்கள். உயிருள்ள மாட்டில் அது சில நாட்களுக்கொருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கும். சவ்விலுள்ள நுண்குழிகளின் அடியில் இருக்கும் மூலக் கலங்களின் வேலை அது.

2009இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் சுண்டெலியின் அத்தகைய ஒரேயொரு கலத்திலிருந்து கடுகிலும் சிறிய குடலுருண்டையை வளர்த்தனர். 2018இல் ஸ்கொட்லாந்தின் றொஸ்லின் நிறுவகத்தார் (டொலி ஆட்டை உருவாக்கினார்களே, அவர்கள்தான்) மாட்டுக் குடலின் நுண்குழிகளிலிருந்தும் இவ்வாறு வளர்த்துக் காட்டினர்.

எதற்கு இந்தப் பாடு? 'யோனே' நோயைப் பாருங்கள். கன்றுப் பருவத்தில் தொற்றும் கிருமி வருடக்கணக்கில் ஒளிந்திருந்து, பின்னர் ஓயாத வயிற்றோட்டத்தால் மாட்டை எலும்பும் தோலுமாக்கிவிடும். குணப்படுத்த மருந்தில்லை. ஆராய்வதென்றால் கன்றுக்கு நோயை ஏற்றிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிண்ணத்துக் குடலுக்கோ மடுவத்தில் அறுத்த மாட்டின் சிறு துண்டே போதும். உறையவைத்து, வேண்டும்போது எடுத்து வளர்க்கலாம்.

ஒரு சிக்கல், உணவு படவேண்டிய பக்கம் உருண்டைக்குள்ளேயே மூடிக் கிடக்கிறது. கிருமியை அங்கே சேர்க்க நுண்ணூசியால் குத்த வேண்டும். அல்லது உருண்டையைப் பிரித்துத் தட்டையாக வளர்க்க வேண்டும். இரத்தமும் நோயெதிர்ப்புக் கலங்களும் இதில் இல்லை. ஆகவே தடுப்பூசியின் கடைசிச் சோதனைக்கு இன்னமும் கன்றுதான் வேண்டும். முன்னைய சோதனைகளிலாவது அவை தப்பட்டுமே!