நஞ்சும் மருந்தும்: படம் மட்டும் போதுமா?

கார்த்திகைப் பூவை அறியாதார் எம்மில் எவருமிலர். மாரி தொடங்கியதும் வேலியிற் படர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். கிழங்கு கலப்பை போன்றிருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வர். அக்கிழங்கிலே கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. வற்றாளையென எண்ணி அவித்துண்டு உயிரிழந்தோர் இலங்கையிலும் உளர். அதே கொல்சிசின், அளவறிந்து கொடுக்கப்படும்போது மூட்டு வீக்க நோயொன்றுக்கு மருந்தாகின்றது.

இக்கொடியின் படம் 1688ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனியே அக்காலத்தில் கொச்சியையும் ஆண்டது. அங்கு தளபதியாயிருந்த வான் றீட் என்பவர் மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றி ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற பெருநூலைத் தொகுப்பித்தார். அது 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. 700க்கு மேற்பட்ட தாவரங்கள் செப்புத்தகட்டிற் செதுக்கப்பட்டு அதில் அச்சாகியுள்ளன. ஏழாம் பாகத்திலே எமது கார்த்திகைக் கொடி ‘மேந்தோன்னி’ என்னும் மலையாளப் பெயருடன் காணப்படுகின்றது.

இத்தகைய பழைய படங்களை இன்று பிரதியெடுத்து, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். அழகானவைதாம். ஆனால் அவை சுவருக்காக வரையப்பட்டவையல்ல. ஒரு செடியை மற்றதிலிருந்து பிரித்தறியவே வரையப்பட்டன. கார்த்திகைக் கொடியின் இலை நுனி சுருண்டு நீண்டு அயற்செடியைப் பற்றிக்கொள்ளும். அந்த ஒரு சுருளைக் கண்டாலே வற்றாளையல்ல என்று தெரிந்துவிடும்.

ஆயினும், படத்தால் ஆகாததும் உண்டு. கோடையிலே கொடி பட்டுவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அறியாத காணியைப் புதிதாகக் கொத்துபவன் அப்போதுதான் ஏமாறுவான். அந்த இடத்தில் என்ன கிடக்கும் என்று சொல்ல, ஊரறிந்த ஒருவர் அருகில் வேண்டும். வான் றீட்டுக்கும் அப்படி ஒருவர் வேண்டியிருந்தது. ஈழவ குலத்து வைத்தியர் இட்டி அச்சுதன் மூலிகைகளின் பெயரையும் குணத்தையும் சொல்லிக்கொடுத்தார். 1675இல் அவர் அளித்த வாக்குமூலம் அவருடைய மொழியிலேயே முதலாம் பாகத்தில் அச்சிடப்பட்டுள்ளது. தாழ்த்தப்பட்ட குலத்தவர் ஒருவரின் அறிவு, பெயர் சொல்லி மதிக்கப்பட்டமை இங்கு நோக்கத்தக்கது.

இடம்பெயர்வில் நாம் வீட்டையும் வளவையும் மட்டும் இழக்கவில்லை. எந்தக் கிழங்கு ஆகும், எது ஆகாது என்று சொன்ன பெரியவர்களையும் பரியாரிமாரையும் பிரிந்தோம். வந்து சேர்ந்த ஊரின் காட்டையோ எமது பிள்ளைகள் அறியார்.

ஆகவே, ஒல்லாந்தரின் செப்புத்தகடு எமக்குத் தேவையில்லை. பாடசாலைக் கொப்பி போதும். பிள்ளைகள் முதியவர் ஒருவருடன் சென்று, நஞ்சுள்ள செடிகளைத் தொடாமல் பார்த்து வரையட்டும். இலை, பூ, காய், கிழங்கு அனைத்தும் ஒரே தாளில் இருக்கட்டும். ஊர்ப்பெயர், பூக்கும் மாதம், நஞ்சுள்ள பாகம், சொல்லித்தந்தவர் பெயர் ஆகியவற்றையும் எழுதட்டும். இடத்துக்கு இடம் பெயர் மாறுமாதலால், புதிய ஊராரிடமும் கேட்டு அவர்கள் வழங்கும் பெயரைச் சேர்ப்பது நன்று.

ஒன்றை மறவாதிருப்போம். படத்தைப் பார்த்து எவரும் மருந்து செய்யலாகாது. யாரேனும் தவறுதலாக உண்டுவிட்டால் கைமருந்தில் நேரம் போக்காது, அச்செடியின் துண்டொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.