புரை முத்தட்டும்னு காத்திருக்கலாமா?



"கண்புரை நல்லா முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று என் ஆயா சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலத்தில் அது சரி. லென்ஸை உறையோடு முழுசாக எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். இப்போது அது தப்பு என்பதே என் கருத்து.

ஏன்? இன்று டாக்டர் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துத்தான் ஆபரேஷன் செய்கிறார். அதன் வெளிச்சம் விழித்திரையில் பட்டுச் சிவப்பாகத் திரும்பி வரும். அந்தச் சிவப்பில்தான் லென்ஸின் மெல்லிய உறை தெளிவாகத் தெரியும். புரை முற்றி வெள்ளையாகிவிட்டால் அந்த ஒளி திரும்பாது! அப்புறம் டிரிப்பான் புளூ என்ற நீலச் சாயம் போட்டுத்தான் உறையைப் பார்க்க வேண்டும். நாம் காத்திருந்தால் டாக்டருக்கும் கஷ்டம்தானே?

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2003 முதல் நம்ம தவளக்குப்பத்திலும் இருக்கிறது. இலவசப் பிரிவும் உண்டு.

இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா, ஆயாவிடம் "எதிர்ல யார் வர்றாங்கன்னு தெரியுதா?" என்று கேளுங்கள். தடுமாறினால் உடனே அழைத்துப் போங்கள்.

சனிக்கிழமை நான் ஆயாவோடு போகிறேன். ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள்!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி