டீசலைக் குடித்தது யார்?

"வண்டி டீசல் குடிக்குது" என்று நம் டெல்டா பக்கம் ஒரு டிராக்டர்காரர் சொன்னால், அடுத்த நிமிடமே சந்தேகம் டிரைவர் மேல்தான் விழும். "கேன்ல புடிச்சு வித்திருப்பான்" என்பார்கள். அவரை விட்டால் ஃப்யூயல் பம்ப். கழற்றிக் காலிபரேஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டுமே அளந்து பார்க்காமல் சொல்லும் தீர்ப்பு என்பது என் கருத்து. டிப்ளமோ படிக்கும் நாமாவது எதிர்த்துக் கேட்க வேண்டாமா நண்பர்களே?

1972-ல் கும்பகோணத்தில் தொடங்கிய சோழன் போக்குவரத்துக் கழகத்தின் வழிவந்த இன்றைய அரசுப் பேருந்துகளுக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு உண்டு. டிராக்டருக்கு அது செல்லாது. ஏக்கர் கணக்குத்தான் சரி. கோடையில் புழுதி உழவு ஓட்டியதையும், குறுவைக்குக் கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் ஓட்டியதையும் ஒப்பிட்டு, "போன மாசம் இவ்வளவு ஆகலையே" என்று சண்டை போடுவது என்ன நியாயம்? சமதரையில் நிறுத்தி டேங்கைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். ஓர் ஏக்கர் உழுதுவிட்டு, அதே இடத்தில் நிறுத்தி, அளவுக் குவளையால் மறுபடி நிரப்ப வேண்டும். ஊற்றியது எவ்வளவோ அதுதான் செலவு. இந்த எண் கையில் இல்லாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

அடுத்தது புகை. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். தை அறுவடையில் பறக்கும் நெல் சுணையும் வைக்கோல் தூசியும் ஏர் கிளீனரை அடைத்துவிட்டால் காற்று குறையும், டீசலோ குறையாது. எரியாத மிச்சம் கரும்புகையாகப் போகும். நாசில் ஒழுகினாலும், பாரம் மீறினாலும் அதே கரும்புகைதான். நீலப்புகை என்றால் எரிவது எஞ்சின் ஆயில். (அதற்கும் பம்பைக் கழற்றுகிறவர்கள் உண்டு!) நெல் மூட்டை ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்கு ஓடும் வண்டியென்றால் டயர் காற்றையும், பிரேக் பிடித்துக்கொண்டு டிரம் சுடுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

ஒரத்தநாடு பக்கம் எனக்குத் தெரிந்த டிரைவர் அண்ணன் ஒருவர். வண்டியில் புகை கிடையாது, வெளியே ஒழுக்கும் கிடையாது. ஏக்கருக்கு டீசல் மட்டும் கூடிக்கொண்டே போனது. ஓனர் மூன்று வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, "நாளைலேர்ந்து வராதே" என்று சொல்லிவிட்டார். நானும் வகுப்புத் தோழன் ஒருவனும் போய் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தோம். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. யாரும் புதிதாக ஊற்றவில்லை. விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி இருந்தது, டீசல் வாடை அடித்தது. ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்து, டீசல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங்கும் போயிருக்கும்.

"தம்பி, நான் எடுக்கலன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அண்ணன். சொன்னோம். வேலை திரும்பக் கிடைத்தது. பிடித்த சம்பளம் இன்னும் வரவில்லை.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன் மே மாதத்தில், பக்கத்துக் கிராமம் ஒன்றில் நம் பேரவை இரண்டு நாள் டிராக்டர் பரிசோதனை முகாம் நடத்தலாமே! ஓனரையும் டிரைவரையும் சேர்த்தே வரச்சொல்லி, அவர்கள் கண்ணெதிரே அளந்து காட்டுவோம். அளவுக் குவளையும் டயர் கேஜும் நாங்கள் கொண்டுவருகிறோம். நாசில் டெஸ்டர் நம் ஆட்டோமொபைல் லேபில் தூசி படிந்து கிடக்கிறது. அதை வெளியே கொண்டுபோக ஒரு கேட் பாஸ் வாங்கித் தர நம் பேரவைச் செயலாளரால் முடியாதா?